கரையில் ஒரு பகல்

உல்லாசப் பிரயாணக் கப்பலொன்று காலையில் ஒரு துறைமுகத்தை அடைந்து மாலையில் அதனை விட்டு நீங்குமாயின், இடைப்பட்ட அப்பகற்பொழுதைப் பிரயாணிகள் எங்ஙனம் கழிக்கின்றனர் என்பது எமது வன்னி வாசகர்களுக்குச் சற்றுப் புறம்பான விஷயமாகத் தோன்றலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியில், முரசுமோட்டையைக் கடந்து விசுவமடுவை எட்டுமுன் வருவது தர்மபுரம். நெல்லைப் பற்றியும் கச்சானைப் பற்றியும் குளத்து நீர்மட்டத்தைப் பற்றியும் நாள்தோறும் பேசும் அவ்வூரில் கப்பலைப் பற்றி யார் பேசப் போகின்றனர்? ஆயினும் 2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவ்வூரின் ஒரு வீட்டிலே பத்து நாட்களாகக் கப்பற் பேச்சேயன்றி வேறு பேச்சில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். முதலிற் கப்பலைக் கவனிப்போம்.

2023 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் இலங்கைப் பயணம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. கோர்டீலியா என்னும் இந்தியக் கம்பனியார் அதனை நடத்தினர். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பன அது தொடுவதற்கெனக் குறித்த இலங்கைத் துறைகள். ஜூன் 16 ஆம் திகதி அது காங்கேசன்துறைக்கு வந்தது. சீமெந்துக் கப்பலும் சரக்குக் கப்பலும் கண்டு பழகிய அத்துறை, போர்க்காலத்தில் பொதுமக்கள் அணுகவியலாத பாதுகாப்பு வலயத்துள் அடங்கிக் கிடந்த அத்துறை, ஏறக்குறைய 48,500 தொன் அளவுள்ள ஓர் உல்லாசக் கப்பலை எதிர்கொண்டது. அதிற் சுமார் 1,800 பிரயாணிகள் தங்கலாம். அது 1990 இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயருடன் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாத் தீவுகளுக்கு மூன்று நான்கு இரவுப் பயணங்கள் செய்வதற்கெனவே அது அமைக்கப்பட்டது என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் ஒரு பகலைக் கழிக்கும் நவீன வழக்கம் எந்தக் கடலில் வளர்ந்ததோ, அந்தக் கடலிலேதான் இக்கப்பலின் இளமை கழிந்தது.

அவ்வழக்கம் யாதெனில், கப்பல் கரை சேர்ந்ததும் பிரயாணிகளிற் சிலர் கோயிலும் கோட்டையும் பார்க்கப் புறப்படுவர். சிலர் கடைத்தெருவுக்குச் செல்வர். எஞ்சியோர், “ஆயிரக்கணக்கானோருடன் கப்பலிலே இரவு பகலாக இருந்துவிட்டோம், இன்றைக்கேனும் சனசந்தடியின்றி மணலிற் சாய்ந்திருப்போம்” என்று அமைதியான கடற்கரையொன்றைத் தேடுவர். இவர்களுக்கென எழுந்தவையே தனியார் கடற்கரைக் கழகங்கள். ஒரு பகலுக்கெனக் கட்டணம் செலுத்தினால், நிழற்குடை, சாய்வு நாற்காலி, துவாய், நன்னீர்க் குளிப்பறை, மதிய போசனம், பானங்கள் யாவும் கிடைக்கும். மெக்சிக்கோவின் கோசுமெல் தீவு இவ்வகைக் கழகங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே கப்பல்கள் வரிசையாக வந்து நிற்கும். கழகங்களிற் சில ஆரவாரமானவை. சில, ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் இடமில்லையென்று வரம்பு கட்டி, முன்கூட்டியே இடம் பதிந்தோரை மாத்திரம் அனுமதிப்பவை. அங்கே விற்கப்படும் பொருள் உண்மையில் சோறுமன்று, நாற்காலியுமன்று. அடுத்தவர் இல்லாமையே அங்கு விற்கப்படுகின்றது. எமது ஊர்களில் ஒரு சதமும் கொடாமற் கிடைக்கும் இப்பொருளுக்கு உலகில் இத்தனை விலையா என்று கிளிநொச்சி மாணவர்கள் வியப்பார்களாயின், அவ்வியப்பு நியாயமானதே.

கப்பற் கம்பனியார் இதனிலும் ஒருபடி மேலே சென்றனர். பிரயாணிகள் கரையிற் செலவிடும் பணம் கரையிலுள்ளோருக்குச் செல்வானேன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1977 இல் நோர்வீஜியன் கம்பனியார் பஹாமாவில் கிரேட் ஸ்டிரப் என்னும் சிறு தீவைத் தமதாக்கி, அங்கே தம் பிரயாணிகளை இறக்கத் தொடங்கினர். 1986 இல் ரோயல் கரிபியன் கம்பனியார் ஹெயிட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்னும் இடத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். பக்கத்து ஊரிலிருந்து வேலியிட்டுப் பிரிக்கப்பட்டது அது. உலகின் வறிய நாடுகளுள் ஒன்றில் இறங்கி, அந்நாட்டைக் காணாமலே மாலையிற் கப்பலேறிவிட முடிந்தது. இதனைச் சௌகரியம் என்பாரும் உளர். எமக்கு அது சௌகரியமாகத் தோன்றவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து விருந்துண்பது போலத் தோன்றுகின்றது.

இவையெல்லாம் தூர தேசத்துப் புதுமைகள் என்று எண்ணிவிடலாகாது. 1869 இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு, 1875 இல் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்து அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டிய பின்னர், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் பெருங்கப்பல்கள் கொழும்பிலே தரித்தன. நிலக்கரி ஏற்றும்வரை பிரயாணிகளுக்குப் பகல் முழுவதும் ஓய்வு. கரித்தூசிக்கு அஞ்சிக் கரையிறங்கியோர் 1864 இல் தோன்றிய காலிமுக ஹோட்டலுக்கும், தேசாதிபதி மெயிற்லண்டின் மாளிகையாயிருந்து பின்னர் ஹோட்டலாகிய கல்கிசைக்கும் சென்று, கடற்காற்று வாங்கி, மீனும் சோறும் உண்டு மீண்டனர். ஆகவே துறைமுக நாளின் கடற்கரை விருந்தை இலங்கை நூறாண்டுக்கு மேலாக அறியும். வேலியையும் அறியும். கொள்ளுப்பிட்டிக் கடலோரத்தில் 1938 இல் அமைந்த கொழும்பு நீச்சற் கழகம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. எதிரே அலையடிப்பது இலங்கைக் கடல். ஆனால் இலங்கையர் வாயிலில் நிற்க வேண்டும்.

இனி, தர்மபுரத்து வீட்டுக்கு வருவோம்.

அவ்வூரில் வாழ்வோரில் கணிசமானோர் மலையகத்திலிருந்து வந்தோரின் வழியினர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி நிலம் திருத்தியோர் பலர். நாம் கூறவந்த பெரியவரும் அவர்களுள் ஒருவர். அவருடைய ஒரே தங்கை அதற்கு நான்கு வருடங்கள் முன்னரே, 1973 இல், கணவருடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையை மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். நாடற்றோராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் அதில் எழுதப்பட்டது. பாடப்புத்தகத்தில் அவை எண்கள். வீடுகளில் அஃது அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரை என்றாயிற்று. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலிலேறிச் சென்ற தங்கை, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்தார். அதன்பின் அண்ணனும் தங்கையும் நேரிற் சந்திக்கவில்லை. தபாலில் எழுதினர், போர்க்காலத்தில் அதுவும் நின்றது, பிற்காலத்தில் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினர்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பேரன் ஒருவன் அந்தக் கப்பலுக்குத் தனக்கும் பாட்டிக்குமாகச் சீட்டு வாங்கினான். கப்பல் காங்கேசன்துறையில் ஒரு பகல் நிற்கும். அப்பகலில் தாத்தாவும் பாட்டியும் சந்திக்கலாம். விமானத்தில் வந்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பர். 2022 டிசெம்பரிற் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே விமான சேவை மீண்டும் தொடங்கியிருந்தது, உண்மையே. நாமும் கேட்டோம். “வந்தாத் தங்கணும், தங்கினாத் திரும்பிப் போக மனசு வராது” என்று தொலைபேசியில் அம்மூதாட்டி விடையிறுத்தார். அதற்குமேல் நாம் பேசவில்லை.

பேரன் நல்ல பிள்ளை, நவீனப் பிள்ளை. கப்பல் நாளை எப்படிக் கழிப்பது என்று படித்து, கடலோரத்திலுள்ள ஒரு விடுதியின் தனிக் கடற்கரையில் ஒரு பகலுக்கு இடம் பதிய எண்ணியிருந்தான். அமைதியான இடம், நிழலுண்டு, கழிப்பறையுண்டு, பாட்டிக்குச் சாய்வு நாற்காலியுண்டு. தாத்தா வீட்டார் அங்கே வந்துவிட்டாற் போதும். இச்செய்தி தர்மபுரத்தை எட்டியபோது பெரியவர் எம்மிடம் வந்து இரண்டு கேள்விகளைக் கேட்டார்.

முதலாவது, தங்கையைத் தர்மபுரத்துக்கே அழைத்துவந்து வீட்டையும் காணியையும் காட்டிவிட்டு மாலையிற் கப்பலேற்ற முடியாதா என்பது. இதற்கு விடை கணக்கில் உள்ளது. கப்பலிற் செல்ல எண்ணும் எவரும் இக்கணக்கைத் தெரிந்துகொள்வது நலம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கடதாசியில் 9 மணித்தியாலங்கள். வந்தவுடன் எவரும் இறங்கிவிட முடியாது. குடிவரவுச் சோதனை முடிந்து முறைப்படி இறங்க ஒரு மணித்தியாலமாவது செல்லும். ஆழம் போதாத துறைகளிற் கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கொணருமாயின் இன்னும் தாமதமாகும். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே யாவரும் ஏறிவிட வேண்டுமென்பது கப்பல் விதி. ஆக 7 மணித்தியாலங்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், ஆனையிறவு, பரந்தன் வழியாகத் தர்மபுரத்துக்குப் போக இரண்டு மணித்தியாலங்களுக்கு மேலாகும், திரும்பவும் அவ்வளவே. ஐந்து மணித்தியாலம் வீதியிலே போய்விட, இரண்டு மணித்தியாலம் வீட்டிலிருக்கலாம். இடையிலே ஒரு சில்லுக் காற்றுப் போயிற்றென்றால் அதுவுமில்லை.

கப்பல் காத்து நில்லாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கப்பற் கம்பனியே ஒழுங்குசெய்த சுற்றுலா வாகனம் தாமதித்தாற் கப்பல் பொறுக்கும்; தாமாக வாகனம் பிடித்துச் சென்றோர் தாமதித்தாற் பொறுக்காது. அவர்கள் தம் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டியதே. ஆதலால் கரையிறங்குவோர் கப்பல் அட்டையையும் கடவுச்சீட்டின் பிரதியையும் கைவசம் வைத்திருத்தல் அவசியம். கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடும் தேசங்களில் கடிகாரத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே அந்தத் தொல்லை இல்லை. 1996 இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து, 2006 ஏப்ரிலில் மீண்டும் பழைய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருடங்களில் இப்பிரயாணம் நடந்திருந்தால் எத்தனை பேர் கப்பலைத் தவறவிட்டிருப்பரோ!

ஆகவே தங்கை தர்மபுரத்துக்கு வருவதற்கில்லை. தர்மபுரம்தான் காங்கேசன்துறைக்குப் போக வேண்டும். பெரியவர் இதனை ஒருவாறு ஒப்புக்கொண்டார். இரண்டாவது கேள்வியைத் தயங்கித் தயங்கியே கேட்டார்.

“அந்த விடுதிக்குள்ள எங்களை விடுவாங்களா, ஐயா?”

சிறுபிள்ளைத்தனமான கேள்வியென்று எவரும் எண்ண வேண்டாம். வாழ்நாளில் தோட்டத்துப் பங்களா வாயிலிலும் கச்சேரி வாயிலிலும் முகாம் வாயிலிலும் நின்றவர் அவர். விசாரித்ததில், உள்ளே விடுவார்கள். ஆனால் தலைக்கு இவ்வளவென்று கட்டணம், உணவு வெளியிலிருந்து கொண்டுவரலாகாது என்று அறிந்தோம். பெரியவர் வீட்டில், பேரப்பிள்ளைகளையும் சேர்த்து, 11 பேர். 11 பேருக்கான கட்டணம் அவ்வீட்டின் பல வாரக் கூலி. பேரன் தானே கொடுப்பதாகச் சொன்னான். அண்ணன் சம்மதிக்கவில்லை. “நாப்பது அம்பது வருசத்துக்குப் பொறகு தங்கச்சி வர்றா. அவளுக்கு நான் சோறு போடாம, அவ பேரன் எனக்குச் சோறு வாங்கிக் குடுக்கிறதா?”

இங்கே சட்டம் யாது சொல்கின்றது என்று பார்ப்பது பொருந்தும். இலங்கையிற் கடல் தொடும் மணலை எந்த ஹோட்டலும் சொந்தமாகக் கொள்ள முடியாது. உயர்நீர்க் கோட்டுக்கும் தாழ்நீர்க் கோட்டுக்கும் இடைப்பட்ட கரை அரசாங்கத்துக்குரியது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்து, அதனுள் அனுமதியின்றிக் கட்டடம் முதலியன எழுப்புவதைத் தடுத்தது. ஆகவே ‘தனியார் கடற்கரை’ என்னும் சொல், கண்டிப்பாகப் பார்த்தால், இந்நாட்டிற் பொருளற்றது. ஆனால் கரை பொதுவாயிருந்தும் கரைக்குப் போகும் வழி தனியாருடையதாயின், பொதுவென்பது பெயரளவில்தான். மட்டக்களப்பின் பாசிக்குடாவில் 2009 க்குப் பின்னர் ஹோட்டல்கள் நெருங்கி எழுந்தபோது, வள்ளங்களை ஏற்றிவைக்கும் இடமும் கடலுக்குப் போகும் பாதையும் குறைந்துவிட்டனவென்று மீனவர் முறையிட்டது இக்காரணத்தாலேயே.

வேறு நாடுகளும் இச்சிக்கலில் உழன்றனவே. மெக்சிக்கோவில் கடலோரத்து 20 மீற்றர் அகலமான பட்டி கூட்டாட்சி அரசுக்குரியது. பாதையை அடைப்போருக்குத் தண்டம் விதிக்க 2020 இல் சட்டத்தைத் திருத்தினர். பார்படோஸ் தீவில் கடற்கரைகள் யாவும் பொதுமக்களுக்கு உரியவை. ஜமெய்க்காவிலோ 1956 ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொதுமக்களுக்கு இயல்பான உரிமை எதனையும் அளிக்கவில்லை. கடல் சூழ்ந்த தீவிலே பிறந்தோர் கடலிற் கால் நனைக்க வழக்காடுகின்றனர். கப்பலில் வந்திறங்கி அங்கே ஒரு பகல் இன்புறும் பிரயாணி கெட்டவரல்லர். அவருக்கு வேலியின் உட்புறம் மட்டுமே காட்டப்படுகின்றது.

காங்கேசன்துறைப் பகுதியிலும் இவ்விஷயம் வெறும் உல்லாசத்தைப் பற்றியதன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தோடிய பின் அக்கரை முழுவதும் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின்னர், சொந்தக்காரர் காணிக்காக மனுக்கொடுத்துக் காத்திருந்த அதே காலத்தில், படையினர் அங்கே கடலையொட்டி ‘தல்செவன’ என்னும் உல்லாச விடுதியை நடத்தினர். திருகோணமலையில் மாபிள் கடற்கரையை விமானப்படையினர் நடத்தினர். அங்கெல்லாம் மணல் துப்புரவாகவும் நிழல் செம்மையாகவும் இருந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் வளவு எங்கேயிருக்கிறதென்று வேலிக்கு வெளியே நின்று சுட்டிக்காட்டும் ஒருவருக்கு, உள்ளேயுள்ள அமைதி எவ்வகைத்தாகப் படும்?

பெரியவர் வீட்டாருக்கு நாம் சொன்ன யோசனை கீரிமலை. துறைமுகத்திலிருந்து மாவிட்டபுரம் வழியாகச் சிறிது நேர ஓட்டம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியிடம். சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக நிலத்தடி நீர் ஓடிவந்து கடல் விளிம்பில் வெளிப்படுவதே அந்த ஊற்றின் இரகசியம். மழைநீர் குடாநாட்டின் கல்லுக்குள் இறங்கி, கடலை அடையுமுன் கடைசியாக ஒருமுறை மனிதருக்குக் கைகொடுத்துவிட்டுப் போகின்றது எனலாம். நகுலேஸ்வரர் கோயில் அருகில். கடற்காற்றுக்குக் குறைவில்லை. எவரும் கட்டணம் கேளார்.

அன்று அவர்கள் விடியற்காலை 4 மணிக்கு வான் ஒன்றில் தர்மபுரத்தை விட்டனர். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், கோழிக்கறி, இரண்டு பாய், ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். வாயிலில் ஒருவரையொருவர் கண்டபோது நிகழ்ந்ததை எழுதுவது எமக்கு உரியதன்று. கீரிமலையில் மரநிழலிற் பாய் விரித்து இருந்தனர். தங்கை கடலிலும் இறங்கவில்லை, கேணியிலும் இறங்கவில்லை. கால் மட்டும் நனைத்தார். பேரன் மாத்திரம் கேணியில் நீந்தினான். நீலகிரித் தேயிலைப் பொதியொன்றைத் தங்கை எடுத்துக் கொடுக்க, அண்ணன் அதனைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, “இது நம்ம மலைத் தூள் மாதிரி இல்லையே” என்றாராம். பதிலுக்கு ஒரு சாக்கு வன்னிக் கச்சான். நான்கு மணித்தியாலங்களிற் பெரும்பகுதி, இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கணக்குப் பார்ப்பதிலேயே கழிந்ததென்று மருமகள் எமக்குச் சொன்னார். 3 மணிக்கு எழுந்து புறப்பட்டனர். அதில் அண்ணன் கண்டிப்பாக இருந்தார். கப்பல் காத்து நில்லாது என்பதை அவர் மனனஞ் செய்திருந்தார்.

குறையும் இருந்தது. முதியவர்கள் செல்லத்தக்க கழிப்பறைக்கு அலைய நேர்ந்தது. வெயில் சாய்ந்தபோது நிழலும் நகர்ந்தது. பாயைத் தூக்கிக்கொண்டு மூன்றுமுறை இடம் மாறினர். தனியார் விடுதிக்காரர் இவற்றையே விற்கின்றனர். அவற்றை ஊரவரே விற்கக் கூடாதா என்பது எமது கேள்வி. ஒரு கிடுகுக் கொட்டில், துப்புரவான கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை, குடிநீர், கேட்டாற் சமைத்துக் கொடுக்கும் மீன் குழம்பும் சோறும்: இவற்றுக்குக் கட்டணம் வாங்குவது நேர்மையான தொழில். ஒரு கிராமச் சங்கம் இதனைச் செய்யலாம். நிழலுக்கு விலை வைக்கலாம், அலைக்கு வைக்கலாகாது.

தர்மபுரத்தாருக்கு உண்மையில் அருகிலுள்ள கடற்கரை காங்கேசன்துறையன்று, வடக்கேயுள்ள சுண்டிக்குளம். கடல்நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே மணல்மேடும் பனையுமாக நீண்டு கிடக்கும் அக்கரை, அமைதியை விலைகொடுத்து வாங்குவோர் கண்ணிற் பட்டால் விடமாட்டார். 1938 இற் பறவைச் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அப்பகுதி அறிவிக்கப்பட்டது. மாரியிற் பூநாரைகள் வரும். அங்கே கூடாரம் அமைக்கலாம், விடுதி கட்டலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது கரைவலை. கரைவலைக்குப் ‘பாடு’ வேண்டும். வள்ளம் வலையை வளைத்துவர, இரு தலைக்கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுத்து, மெல்ல மெல்ல நெருங்கி மடியைக் கரையேற்றுவதற்கு நூற்றுக்கணக்கான முழம் தடையற்ற மணல் தேவை. நடுவிலே நாலு சாய்வு நாற்காலி போட்டாற் பாடு கெட்டது. வெறுமையாய்க் கிடக்கும் கரை என்று பட்டணத்தார் காண்பது, சம்மாட்டிக்கும் இழுவைக்காரருக்கும் தொழிற்சாலைத் தளம். பருவத்துக்கு வந்து தங்கும் மீனவரின் ஓலைக் குடிசைக்கு ‘வாடி’ என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய ஓய்வு மனைக்கும் நாம் ‘வாடிவீடு’ என்றே பெயர் வைத்தோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாயிருப்பது எமக்கு எப்போதும் பிடித்திருக்கின்றது.

மேலும், இந்தக் கரையைப் பற்றி வன்னிக் குடும்பங்களிற் பேசும்போது குரல் தாழ்வதுண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியது. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் தர்மபுரத்தாரும் அங்கே வந்து ஒதுங்கியிருந்தோரும் கிழக்கே விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து, முடிவில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் அடைபட்டனர். அம்மணலிற் பதுங்குகுழி வெட்டியோருக்குக் கடற்கரையென்பது சாய்வு நாற்காலியை நினைவூட்டாது. அவ்வீட்டுப் பிள்ளைகளோ 2009 க்குப் பின் பிறந்தவர்கள். கீரிமலையிற் கடலைக் கண்டதும் ஓடிப்போய் அலையில் விழுந்தனர். தாய்மார் சத்தமிட்டு அழைத்தும் ஏறவில்லை. அடுத்த விடுமுறைக்குச் சுண்டிக்குளம் போக வேண்டுமென்று அன்றே கேட்கத் தொடங்கிவிட்டனராம்.

போவதாயின் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையே போவது நன்று. கிழக்குக் கரையில் அப்போது கடல் தணிந்திருக்கும்; வாடிகளில் ஆள் இருக்கும்; விலைக்கு மீனும் கிடைக்கும். காப்பாளர் எவருமில்லாக் கரையாதலின் இடுப்பளவு நீருக்கு மேற் பிள்ளைகளை விடலாகாது. எங்கே சுழி, எங்கே பள்ளம் என்று வாடிக்காரரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். குடிநீர், நிழலுக்கு ஒரு படங்கு, நான்கு தடி கொண்டு செல்லுங்கள். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று எழும்பும். வாடிகளைப் பிரித்துக்கொண்டு மீனவர் ஊர் திரும்புவர். தை வரையிற் கரை முழுவதும் பறவைகளுக்கே.